சொம்மா நிக்கத் தெரியாத வண்டி

இன்னா கண்ணு, வண்டி இந்த ஆட்டம் ஆடுது? தேர்த் திருவிழாவுக்கு இன்னும் நாள் கெடக்குதே. அதுக்குள்ள இதுக்கு இன்னா அவசரம்?

நானும் அர மணி நேரமாப் பாத்துகினு இருக்கறன். ரமணாசிரமத்துக்கு எதுத்தாப்புல, செங்கம் ரோட்டோரம், இந்த டீக்கட பெஞ்சுல குந்திகினு. சாவியத் திருப்புற. வண்டி எழுந்துக்குது. அர நிமிசம் ராசா மாதிரி ஓடுது. அப்பறம் குளிர் ஜொரம் வந்தவனாட்டம் ஒதறுது. ரெண்டு தபா இருமுது. நின்னுடுது. நீ கீழ எறங்கற. பேனட்டத் தூக்குற. சரி, பையன் உள்ள பாக்கப் போறான்னு நெனச்சன். நீ இன்னா பண்ற? பேனட்டு நெழல்ல நின்னுகினு போனப் பாக்குற. நெழலுக்குத்தான் இத்தினி பெரிய வேப்பமரம் நிக்குதே, அதுக்கு எதுக்குடா பேனட்டு?

உக்காரு. ஒரு டீ சொல்லு. ரெண்டாச் சொல்லு, நானும் குடிப்பன்.

எனக்கு 74 வயசு. இது வட ஆற்காடு ஜில்லாவா இருந்த காலத்துலேர்ந்து இந்த ரோட்டுல வண்டி ஓட்டனவன். 1989-ல ஜில்லாவப் பிரிச்சாங்க. என் லைசென்ஸ யாரும் பிரிக்கல. மீனம்பாக்கத்துலேர்ந்து வெள்ளக்காரங்கள ஏத்திகினு வந்து இந்த கேட்டு முன்னாடி எறக்கி எறக்கி, என் அம்பாசடருக்கே பாதி ஞானம் வந்துடுச்சி. எனக்குத்தான் வரல. வந்திருந்தா டீக்கட பெஞ்சுல குந்தியிருப்பனா?

இந்தத் திருவண்ணாமல விசாரணைக்குப் பேர் போன ஊரு, தெரியுமில்ல? பகவான் ரமணரு 1896-ல 16 வயசுப் பையனா இங்க வந்து எறங்குனாரு. 1950-ல சமாதி ஆவுற வரைக்கும் ஊர விட்டு ஒரு நாள் போவல. வந்தவங்க ஆயிரம் கேள்வி கேட்டாலும், கேக்குறவன் யாருன்னு மொதல்ல உள்ள பாருன்னுதான் திருப்பி உட்டாரு. இப்பவும் எங்கெங்கியோ இருந்து பிளேன் ஏறி வந்து, ஆசிரமத்து ஹால்ல கண்ண மூடிகினு உள்ள பாக்குறான். நீ கண்ணத் தெறந்து வெச்சிகினு கூட உள்ள பாக்க மாட்டன்ற. வண்டிக்குள்ளதான்டா சொல்றன்.

போன்ல இன்னா போட்டிருக்குது? படி பாக்கலாம். பிளக்கு போயிருக்கலாம். காயில் போயிருக்கலாம். பெட்ரோல் பம்பு போயிருக்கலாம். த்ராட்டில் பாடியில கரி இருக்கலாம். சென்சார் போயிருக்கலாம். கம்ப்யூட்டரே போயிருக்கலாம். கேட்டியா சேதி? ஊர்ல இருக்குற அத்தினி பேரையும் திருடன்னு எழுதிக் குடுத்தா, அதுல திருடனும் ஒருத்தன் இருக்கத்தான் இருப்பான். அதுக்குப் பேரு துப்பா?

உன் வண்டிக்கு இன்னா சீக்குன்னு அப்பறம் பேசலாம். மொதல்ல அது எப்ப நிக்குதுன்னு பாரு. ஓடும்போது நின்னுதா? இல்ல. பைபாஸ்ல நூறு போட்டப்ப? இல்ல. ஆக்சிலேட்டர்ல கால் வெச்சா? நல்லாத்தான் போவுது. காலெடுத்துட்டு நிறுத்துனா மட்டும் தவிக்குது. அப்ப உன் வண்டிக்கு ஓடத் தெரியுது. சொம்மா நிக்கத்தான் தெரியல. உங்க பாஷையில ஐட்லிங். எங்க பாஷையில சொம்மா இருக்கறது. அதுதான்டா ஒலகத்துலயே கஷ்டம். நம்பலன்னா ஹால்ல பத்து நிமிசம் குந்திப் பாரு. அஞ்சாவது நிமிசம் மூக்கு அரிக்கும், ஆறாவது நிமிசம் போன் ஞாவகம் வரும். மனுசனுக்கே வராதது தகர டப்பாவுக்கு வரணும்னா, எத்தினி விசயம் ஒழுங்கா இருக்கணும்?

காத நீட்டு, சொல்றன். இஞ்சினு வாய்ல ஒரு கதவு இருக்குது. த்ராட்டில்னு பேரு. நீ ஆக்சிலேட்டர மிதிச்சா அது தெறக்கும், காத்து குபுகுபுன்னு உள்ள போவும். காலெடுத்தா மூடிக்கும், ஒரு கீத்து சந்துதான் பாக்கி. அந்தச் சந்துல வர்ற கொஞ்சூண்டு காத்த வெச்சிதான் இஞ்சினு நிமிசத்துக்கு 700, 800, 900 சுத்து சுத்திகினு உசுரப் புடிச்சி வெச்சிருக்குது. உள்ள இழுக்குற இழுப்பு இருக்குதே, அது அப்பத்தான் ரொம்ப ஜாஸ்தி. கதவு சாத்துன வூட்டுக்குள்ள மூச்சு முட்டறவன் எப்படி இழுப்பான்? அப்பிடி. எங்கனா ஒரு ஓட்ட கெடச்சா போதும், திருட்டுக் காத்து சர்ருன்னு பூந்துடும்.

ஆயிரம் பேரு சாப்புடற கல்யாணத்துல அழைக்காம ஒருத்தன் வந்து பந்தியில குந்துனா உனக்குத் தெரியுமா? தெரியாது. நாலு பேருக்குக் கஞ்சி காச்சுன வூட்டுல ஒருத்தன் வந்து குந்துனா? சட்டி காலி. பைபாஸ்ல உன் வண்டிக்குக் கல்யாணப் பந்தி. இந்த டீக்கட முன்னாடி கஞ்சிச் சட்டி. ஓட்ட அதே ஓட்டதான். ஓடும்போது தெரியாது. நின்னா உசுர வாங்கும்.

சரி, அப்ப சாவி போட்ட ஒடனே அர நிமிசம் நல்லா ஓடுதே, அது இன்னாத்துக்குன்னு கேளு. கேக்க மாட்டியே. நானே சொல்றன். ஒரு கிலோ பெட்ரோலு சுத்தமா எரிய 14.7 கிலோ காத்து வேணும். அதுதான் கணக்கு. ஆனா இஞ்சினு சில்லுனு இருக்கும்போது பெட்ரோலு சரியா ஆவியாவாது, செவுத்துலயே ஒட்டிக்கும். அதனால ஸ்டார்ட் பண்ண ஒடனே, அதுவும் காலையில மொதமொதன்னா, கம்ப்யூட்டரு கைய உட்டுத் தாராளமா ஊத்தும். சுத்தும் 1,200-க்கு மேல வெச்சிக்கும். கொஞ்ச நேரம் ஆனதும் கையச் சுருக்கிக்கும். ஆடி மாப்பிள்ள கத தெரியுமில்ல? மொத நாளு கறி விருந்து, ரெண்டாம் நாளு கோழி, மூணாம் நாளு, “மாப்ள, எப்ப ஊருக்குக் கௌம்புறீங்க?” அந்த மாதிரி. விருந்து நடக்குற வரைக்கும் ஓட்டயா இருந்தாலும் சமாளிச்சிக்குது. கணக்கா ஊத்த ஆரம்பிச்சதும் திருட்டுக் காத்து கணக்கக் கெடுத்துடுது. பெட்ரோலு கம்மி, காத்து ஜாஸ்தி. ஒதறுது. சாவுது.

எங்க காலத்துல இந்த விருந்த நாங்களே வெப்பம். டேஷ்போர்டுல ஒரு குமிழு இருக்கும், சோக்குன்னு பேரு. இழுத்தா காத்து அடையும், பெட்ரோலு கூடும். சூடானதும் தள்ளி உட்டுடணும். தள்ள மறந்தவன் வண்டி கரும்புகையாக் கக்கிகினு போவும், ஊரே திட்டும். 1957-லேர்ந்து 2014 வரைக்கும் அம்பாசடர் செஞ்சாங்க கண்ணு. அந்தக் கடைசிக் காலத்துல அதுக்கும் கம்ப்யூட்டரு வெச்சுட்டாங்க. நான் ஓட்டனது சோக்கு இழுக்குற வண்டி. எப்ப இழுக்கணும், எப்ப தள்ளணும்னு என் வெரலுக்கே தெரியும். இப்ப அந்த வெரலு வேலைய ஒரு சென்சார் பாக்குது. தண்ணி எம்மாம் சூடுன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்றது அதோட வேல. அது பொய் சொன்னா முடிஞ்சுது கத. விடியக்காலம் மார்கழிக் குளிர்ல இஞ்சினு நடுங்கிகினு இருக்கும். சென்சார் போயி, “ஐயா, சூடாத்தான் இருக்குது”ன்னு சொல்லும். கம்ப்யூட்டரு விருந்த ரத்து பண்ணிடும். அந்த வண்டி சில்லுனு இருந்தா நிக்கும், சூடானா ஓடும். உன்னுது அப்பிடியா? இல்லன்ற. நல்லது, ஒருத்தன் தப்பிச்சான்.

பாத்தியா, ஒரு கேள்வியில ஒருத்தன வெளிய அனுப்பிட்டம். காசு எத்தினி செலவாச்சி? ஒரு டீ. அதுவும் உன் கணக்கு.

இன்னா சொன்ன? ஸ்கேன் பண்ணியா? ஓ! பட்டணத்துல பெரிய கடையில பண்ணியா? கோடு காட்டுச்சா? பி 0171-ஆ? ஏசிப் போட்ட ரூம்ல சோபாவுல குந்த வெச்சி, காப்பி குடுத்து, காயிதம் அச்சடிச்சிக் குடுத்தானா? அப்பறம் ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சின்னு புதுசு மாட்டுனானா? இன்ஜெக்டர் கிளீனிங்னு தனியா ஒரு பில்லா? ஐயோ ஐயோ. எத்தினி ஆச்சின்னு சொல்லாத. இந்த வயசுல எனக்கு நெஞ்சு தாங்காது.

அந்தக் கோடு இன்னா சொல்லுச்சின்னு தெரியுமா? காத்து ஜாஸ்தி, பெட்ரோல் கம்மின்னு சொல்லுச்சி. அவ்ளோதான். ஏன் ஜாஸ்தின்னு சொல்லல. யாரு பண்ணதுன்னும் சொல்லல. சைலன்சர் பக்கமா ஒக்காந்து, வர்ற புகைய மோந்து பாத்து, “ஐயா, இதுல காத்து கூடிப்போச்சி”ன்னு நாயமாச் சொன்னவன்தான் அந்த ஆக்சிஜன் சென்சாரு. ஊர்க் காவக்காரன் ஓடி வந்து, “திருடன் பூந்துட்டான்”னு கத்துனான். நீங்க இன்னா பண்ணீங்க? காவக்காரன வேலைய உட்டுத் தூக்கிட்டு வேற ஆள வெச்சீங்க. புதுக் காவக்காரன் வந்தான். அவனும் அதையேதான் கத்துறான். அப்பறம் அந்த லைட்டு ஏன் மறுபடி எரியாது?

மிஷினத் தப்பு சொல்லல கண்ணு. ஸ்டீரிங்குக்குக் கீழ 16 ஓட்டையோட ஒரு சாக்கெட்டு இருக்குதே, அது நல்ல சாமான். எங்களுக்கு இல்லாமப் போச்சேன்னு நான் ஏங்கியிருக்கறன். அது குறி சொல்றவனில்ல, சாட்சி. சாட்சி பாத்தத சொல்லுவான், தீர்ப்பு நீதான் எழுதணும். சாட்சியையே ஜட்ஜு நாக்காலியில குந்த வெச்சா கோர்ட்டு உருப்படுமா?

நான் ஒரு தபா என்னையே முட்டாளாக்கிக்கினன், சொல்லட்டுமா? சிரிக்கக் கூடாது. பெட்ரோல் டேங்கு மூடி எங்கியோ விழுந்து பூடுச்சி. நான் கெட்டிக்காரனில்ல? ஒரு பிளாஸ்டிக் பைய மடிச்சி வாயில வெச்சி, ரப்பர் போட்டு இறுக்கிக் கட்டனன். பத்து மைலு போனன். வண்டி நின்னுடுச்சி. கார்பரேட்டரக் கழட்டனன், ஊதுனன், மாட்டனன். ஓடுச்சி. மறுபடி நின்னுச்சி. பம்பக் கழட்டனன். பாயிண்ட்ட உப்புத் தாள்ல தேச்சன். பின்னாடி ஒரு ஜெர்மன்காரம்மா, கண்ண மூடிகினு மௌனமா குந்தியிருக்குது. அதுக்கு மௌன விரதம், எனக்கு வாயில வர்றதெல்லாம் கெட்ட வார்த்த. மூணாவது தபா நின்னப்போ டேங்குல பெட்ரோலு இருக்குதான்னு பாக்க அந்தப் பைய அவுத்தன். உஸ்ஸ்ஸுன்னு ஒரு சத்தம். காத்து உள்ள போவுது! மூடியில ஒரு சின்ன ஓட்ட இருக்கும் கண்ணு, பெட்ரோலு எறங்க எறங்க காத்து உள்ள போவுறதுக்கு. நான் அத்த கெட்டியா அடச்சி வெச்சுட்டு, கார்பரேட்டரப் போட்டு அடிச்சிகினு இருந்திருக்கறன்.

அன்னிலேர்ந்து வண்டி மக்கர் பண்ணா நான் மொதல்ல கேக்குற கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். இதுல கடைசியா எவன் கைய வெச்சான்?

உன்னையும் அதான் கேக்கப் போறன். கொஞ்சம் பொறு. டீ ஆறுது.

சில பேரு வண்டி நாள் கணக்கா நின்னே கெட்டுப் பூடும். இந்த மலையச் சுத்தி இருக்குற வூடுங்கள்ல பாதி, குளுரு காலத்துக்கு மட்டும் தொறக்குற வூடு. வெயிலு ஆரம்பிச்சதும் பூட்டிகினு பூடுவாங்க, வண்டி ஷெட்டுல தூங்கும். அப்பிடி ஒருத்தர் வண்டி, எட்டு மாசம் கழிச்சி எடுத்தப்ப உன்னுது மாதிரியேதான் ஆடுச்சி. அவரு போன்ல படிச்சி படிச்சி பிளக்கு, காயிலு எல்லாம் கூரியர்ல வரவழிச்சி வெச்சிருந்தாரு. நான் போயி ஏர் ஃபில்டர் டப்பாவத் தெறந்தன். உள்ள ஒரு குடும்பம் நடத்திகினு இருக்குது கண்ணு! காஞ்ச எல, தேங்கா நாரு, கடலத் தோலு, கிழிஞ்ச பஞ்சு. எலி பிரசவம் பாத்த ரூமு. வண்டி மூச்சு உட எடமே இல்ல. பக்கத்துல ரெண்டு ஒயரும் கொறிச்சி வெச்சிருந்துது. மலையடிவாரத்துல எலி, அணிலு, கொரங்கு எல்லாம் நம்மளோடதான் குடித்தனம் பண்ணுது. கொரங்கு வெளிய வைப்பரப் புடுங்கும், எலி உள்ள ஒயரக் கடிக்கும். அதுங்களுக்குள்ள பாகப் பிரிவின ஒழுங்கா நடந்திருக்குது.

அந்த வண்டியில இன்னொண்ணும் இருந்துது. இப்ப நீ போடற பெட்ரோல்ல நூத்துக்கு 20 பங்கு எத்தனாலு. 2023-ல ஆரம்பிச்சு ஊருக்கு ஊரு வந்துடுச்சி. கரும்பு, சோளம், அரிசியில எடுக்கற சாராயம்தான், வேற ஒண்ணுமில்ல. மனுசன் குடிச்சா போலீசு புடிக்கும், வண்டி குடிச்சா சர்க்காரு தட்டிக் குடுக்குது. தெனம் ஓட்டுற வண்டிக்குப் பெருசா ஒண்ணும் ஆவாது. மாசக் கணக்குல நிறுத்துனாதான் வம்பு. சாராயம் காத்துல இருக்குற ஈரத்தக் குடிக்கும். ஓரளவுக்கு மேல போனா தண்ணியும் சாராயமும் தனியாப் பிரிஞ்சி டேங்கு அடியில தங்கிடும். பம்பு உறிஞ்சறது அடியிலேர்ந்துதான். அப்ப மொதல்ல இஞ்சினுக்குப் போறது இன்னா? குழாய்த் தண்ணியில கலந்த சரக்கு. ஆடாம இன்னா செய்யும்?

உன் வண்டி தெனம் ஓடுது, அதனால அந்தக் கத உனக்கில்ல. பெட்ரோல் ரொப்புன ஒடனே நிக்குதா? இல்ல. அப்பிடி நின்னா டேங்கு ஆவிய இஞ்சினுக்கு அனுப்புற வால்வு ஒண்ணு இருக்குது, அது மூட மாட்டாம வாயத் தெறந்துகினு கெடக்கும். ஏசி போட்டா மட்டும் நிக்குதா? இல்ல. அப்பிடின்னா த்ராட்டில்ல கரி புடிச்சிருக்கும், பாரத்த ஏத்தனதும் தாங்காது. அத்தத் தொடச்சா போதும். தொடச்சுட்டு வந்தப்பறம் கொஞ்ச நாளு ஐட்லிங் மேலயும் கீழயும் ஆடும், பயந்துக்காத. கரியோட பழகுன கம்ப்யூட்டரு, புது எடத்தக் கத்துக்க நாழி எடுத்துக்கும். பேட்டரி கழட்டி மாட்டுனாலும் அப்பிடித்தான். சில வண்டிக்கு ஸ்கேனர் வெச்சித்தான் கத்துக் குடுக்கணும்.

இப்ப சாவியத் திருப்பு. ஸ்டார்ட் பண்ணாத. சொம்மா திருப்பி நிறுத்து. பின் சீட்டுக்கு அடியில உய்ங்குன்னு ரெண்டு செகண்டு சத்தம் கேக்குதா? ரேடியோவ நிறுத்துடா மொதல்ல! கேக்குதில்ல? பம்பு உசுரோட இருக்குது. பிளக்கு போயிருந்தா ஓடும்போதும் இழுவ தெரியும், மேடு ஏறும்போது மொனகும். கோடும் 0300-ன்னோ, எந்த சிலிண்டருன்னு பாத்து 0301, 0302-ன்னோ வரும். வந்தா இன்னா பண்ணணும்னு சொல்லி வெக்கிறன், பின்னாடி ஒதவும்.

சாமி பல்லக்கு நாலு பேரு தூக்குறான்னு வை. அதுல ஒருத்தன் தோளு குடுக்காம கைய மட்டும் வெச்சிகினு வர்றான். எவன்னு எப்பிடிக் கண்டுபுடிப்ப? ஒருத்தன் ஒருத்தனா வெளிய வரச் சொல்லு. எவன் வெளிய வந்தா பல்லக்கு சாயலையோ, அவன்தான் சோம்பேறி. நாங்க அப்பிடித்தான் பிளக்கு ஒயர ஒவ்வொண்ணாக் கழட்டிப் பாப்பம். எந்த ஒயரக் கழட்டுனா ஆட்டம் கூடலையோ, அந்தப் பிளக்கு செத்தது. இவனில்ல, இவனில்ல, இவன்தான். எதுத்தாப்புல இருக்குற ஹால்ல பண்றதும் அதேதான்னு ஒரு சாமி சொன்னாரு. எனக்குப் புரியல, தலைய ஆட்டிகினன். நீ இந்தக் காலத்து வண்டியில அப்பிடி ஓடும்போது புடுங்காத. 20,000 வோல்ட்டுக்கு மேல பாயும், எரியாத பெட்ரோலு சைலன்சருக்குப் போயி வேற செலவு வெக்கும். வண்டிய நிறுத்திட்டு ஒண்ணாம் நம்பர் காயில ரெண்டுல மாட்டு, ரெண்ட ஒண்ணுல மாட்டு. 0301 வந்த எடத்துல 0302 வந்தா காயிலுதான் கள்ளன். வரலன்னா பிளக்கப் பாரு. ஒரு ஸ்பேனரு வேல. இதுக்குப் போயி நாலு காயிலும் புதுசா வாங்குறான் பாரு, அவனுக்குத்தான் வங்கிக்காரன் பொறந்தநாள் வாழ்த்து அனுப்புவான்.

சரி. டீ முடிஞ்சிது. கேக்க வேண்டியதக் கேக்குறன். இந்த ஆட்டம் எப்ப ஆரம்பிச்சிது? பத்து நாளா? அதுக்கு முந்தி எவன் கை வெச்சான்? யோசி.

சர்வீஸுக்கு உட்டியா? எங்கன்னு பேரெல்லாம் சொல்ல வேணாம், எனக்கு எதுக்கு வம்பு? ஆயில் மாத்துனாங்க. சரி. அப்பறம்? ஏர் ஃபில்டர் மாத்துனாங்களா! அத்த ஏன்டா இம்மா நேரம் வயித்துக்குள்ள வெச்சிகினு இருந்த? நாட்டு வைத்தியர்கிட்டப் போனா நாடி புடிக்கறதுக்கு முந்தி இன்னா கேப்பாரு? “ராத்திரி இன்னா துன்ன?” அந்த ஒரு கேள்விய அந்த சோபாக் கடையில எவனும் கேக்கல பாத்தியா? கேட்டா பில்லு போட முடியாதே.

எழுந்துரு. அந்தக் கழுத்துத் துண்ட அவுத்து இடுப்புல கட்டு. ஸ்டைலு அப்பறம். இஞ்சினு ஓடும்போது பெல்ட்டு துண்டப் புடிச்சா கழுத்தும் கூடவே போவும். அந்த ரேடியேட்டர் ஃபேனு கிட்டக் கைய உடாத, அது தானாச் சுத்தும், உன்னக் கேக்காது.

இந்த டீ கிளாஸ மட்காடு மேல வெக்கிறன். ஸ்டார்ட் பண்ணு. பாரு, பாரு, கிளாஸ்ல இருக்குற அடி டீ எப்பிடிக் குதிக்குது! அதான் என் ஸ்கேனரு. இப்ப அந்தக் கறுப்பு ஓஸ் பைப்பு ஒரு முழம் கெடக்குது பாரு டீக்கடயில, கேஸுக்கு மாத்துன பழசு, அத்தக் குடு. ஒரு மொன என் காதுல. இன்னொரு மொன இஞ்சினு மேல. டாக்டரு மாதிரி இருக்கறனா? சிரி, சிரி. பெரிய கடைங்கள்ல இதுக்குப் புகை மிஷினு வெச்சிருக்காங்க. உள்ள புகைய உட்டா ஓட்ட இருக்குற எடத்துல வெளிய வந்துடும். நல்ல முறதான். என்கிட்ட அது இல்ல, காது இருக்குது. நீ அவசரப்பட்டு சாம்பிராணிய கொளுத்திகினு வராத. பெட்ரோலு இருக்குற எடத்துல நெருப்புக்கு வேல கெடையாது. பூட்டுன ஷெட்டுக்குள்ள இஞ்சின ஓட உட்டுகினும் இத்த செய்யாத. இஞ்சினு புகையில இருக்குற வெஷக் காத்துக்கு வாசன இல்ல, ஆள மட்டும் தூங்க வெச்சுடும்.

இங்க இல்ல. இங்கயும் இல்ல. அடி… கேளு. நீயும் காதுல வெச்சிக் கேளு. பாம்பு சீறுற மாதிரி உஸ்ஸுன்னு கேக்குதா?

அத்தப் பாரு. ஏர் ஃபில்டர் டப்பாலேர்ந்து த்ராட்டிலுக்குப் போற மடிப்புக் குழாய். மேலேர்ந்து பாத்தா ஒழுங்கா மாட்டுன மாதிரிதான் இருக்குது. அடியில கைய உட்டுத் தடவு. ஒரு வெரலு போற சந்து! குழாய் பாதிதான் ஏறியிருக்குது, கிளாம்ப இறுக்கவே இல்ல. உன் வண்டியில காத்த அளக்குற சென்சாரு டப்பா வாசல்லயே இருக்குது. எல்லா வண்டியிலயும் அப்பிடி இல்ல. சிலதுல உள்ள இழுக்குற இழுப்ப வெச்சி அளக்கும், அதுல இந்த எடத்துல ஓட்ட விழுந்தா இப்பிடி நிக்காது. உன்னுதுல வாசல்ல குந்திகினு கணக்கப்புள்ள எண்ணறான், “பத்து பேரு உள்ள போனாங்க.” பின்பக்க வேலியில பூந்து இன்னும் நாலு பேரு போயிட்டான். சமயக்காரன் பத்துப் பேருக்குத்தான் ஒல வெக்கிறான். பந்தியில சண்ட. அதான் உன் வண்டி ஆட்டம்.

வண்டிய நிறுத்து. குழாய உள்ள நல்லாத் தள்ளு. இன்னும். காலேஜ்ல கை தட்டுனது போதும், கைக்கு வேல குடு. ஆங். கிளாம்ப இறுக்க ஸ்குரூ டிரைவர எடு.

இல்லையா?

செண்டு பாட்டிலு இருக்குது. சீட்டுக்குக் கழுத்துத் தலகாணி இருக்குது. டயருக்கு அடியில நசுக்குன எலுமிச்சம்பழம் இருக்குது. முன்னாடி ரெண்டு கேமரா இருக்குது. ஸ்குரூ டிரைவர் இல்ல. ஸ்டெப்னியிலயாவது காத்து இருக்குதா? ஏன் கேட்டன்னு இருக்குது உன் முழி. இரு, என் இடுப்புல ஒரு ஒத்த ரூவா இருக்குது. அந்த கிளாம்பு தலையில வெட்டு இருக்குது பாரு, அதுல காசு சரியா ஒக்காரும். திருப்பு. திருப்பு. போதும், ஒடச்சிடாத.

இப்ப ஸ்டார்ட் பண்ணு. கால எடு. எடுடா, நம்பு.

அர நிமிசம் ஆவட்டும். ஒரு நிமிசம் ஆவட்டும். கிளாஸப் பாரு. டீ அசையுதா? பக்கத்துல மயிலு அகவறது கேக்குதா? இத்தினி நேரம் அதுவும் அங்கதான் கத்திகினு இருந்துது, உன் வண்டி கத்தல்ல உனக்குக் கேக்கல.

இன்னா, மூஞ்சி மறுபடி சுருங்குது? லைட்டு இன்னும் எரியுதா? அடப்பாவி, அது ஒடனே அணைஞ்சிடுமா? கம்ப்யூட்டருக்கு உன் மேல சந்தேகம். மூணு ஓட்டம் தப்பு இல்லாம ஓடி முடிஞ்சாத்தான் தானா அணையும். அதுக்குள்ள மறுபடி அந்த சோபாக் கடைக்கு ஓடாத. கார்த்திகைக்கு நம்ம மல மேல ஏத்துற தீபமே 11 நாளு எரியுது. யாராவது போயி ஏன் இன்னும் அணையலன்னு கேக்குறானா?

சரி, கௌம்பு. போற வழியில என்ன அடி அண்ணாமலையில எறக்கி உட்டுடு. ஏசி வேணாம், கண்ணாடிய எறக்கு. அப்பறம் டீக்குக் காசு குடுத்துட்டியா? ரெண்டு டீ. சரி, அந்த ஒத்த ரூவாய இப்பிடிக் குடு. அது என்னுது.